மைக்ரான் அக்காவின் கட்டைவிரல்

மைக்ரான் அக்கா வீடு எது என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் கையை நீட்டி வழி காட்டுவார்கள். இருபத்தாறு வருடம் பிளாஸ்டிக் ஷீட் தயாரிக்கும் தொழிற்சாலையில் ரோல் சோதிக்கும் வேலை பார்த்தவள். அங்கே கூரை உயரத்துக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் குமிழி ஊதிக்கொண்டே மேலே போகும். மேலே போனதும் உருளைகளுக்கு நடுவே நசுங்கித் தட்டையாகி, கீழே வந்து ரோலாகச் சுற்றிக்கொள்ளும். ரோல் முனையில் நின்று, ஷீட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, அகலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை ஓட்டிக்கொண்டு போவதுதான் அவள் வேலை. குமிழி ஒரு பக்கம் சரியாகக் குளிரவில்லை என்றால் ஷீட்டில் கையகலத்துக்கு ஒரு மெலிவு விழும். கண்ணுக்குத் தெரியாது. ரோல் முழுக்கக் கோடு போட்ட மாதிரி நீளமாக ஓடும். அந்த இடத்துக்கு வந்ததும் இவள் விரல் நின்றுவிடும். "இருநூறுக்கு இங்க நூத்தி எழுபதுதான் இருக்கு" என்பாள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரானில் கனம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தால் நூற்று எழுபத்திரண்டு காட்டும். "உங்க கேஜுக்கு எண்ணெய் போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ரோலுக்குப் போய்விடுவாள்.

அவளுடைய கர்வத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் புறம் பேசியது போல ஆகிவிடும். நகை நட்டில் அவளுக்கு ஆசை கிடையாது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் யார் தன்னை மதித்தார்கள், யார் மதிக்கவில்லை என்று கணக்குப் பார்க்கிறவளும் அல்ல. ஆனால் அந்த வலது கட்டைவிரலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் பொறுக்க மாட்டாள். வேலையை விட்டு நின்ற பிறகும் கடைக்குப் போனால் பையைத் தேய்த்துப் பார்த்து "நாப்பதுகூட இருக்காது, கிழியும்" என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குவாள். அவள் கணவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், வாய் சும்மா இருக்காது. "நான் பொண்ணு பாக்கப் போனப்பவே என்னைத் தேய்ச்சுப் பாத்துட்டா, தோல் தடிமன்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டா" என்பார்.

போன வருடம் முதல் அவளிடம் ஒரு மாற்றம். செருப்பு கழன்று போவது தெரியாமல் நடந்தாள். ஒருநாள் கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னொண்ணு எங்கடி? பஸ்ல ஏத்தி அனுப்பிட்டியா?" மகளும் சிரித்தாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷின் பின்முனையால் உள்ளங்காலைக் குத்திப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய காலைக் குத்துவது போல இருந்தது.

அவளுடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் செருப்பு. பிறகு வெந்நீர் சுட்டது தெரியாமல் ஒரு கொப்புளம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. தொழிற்சாலையில் இருந்தபோதே அங்கிருந்த டாக்டர் இவளுக்கும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று சொல்லியிருந்தார். திரும்ப வரச் சொன்னார். இவள் போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்கள், சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. படித்தவர்களுக்கும் வருகிற பயம் அது.

இதற்கு நடுவே மகள் கூரியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நாற்று வளர்க்கப் போவதாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. காய்கறி பயிரிடுகிற ஒரு குழுவிடம் பேசி, மிளகாயும் தக்காளியும் கத்தரியும் நாற்பது நாளில் தருவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டாள். முதல் தவணை சரியாகப் போனால் வருடம் முழுக்க அவளிடம்தான் வாங்குவார்கள். தவறினால் வேறு ஆளைப் பார்ப்பார்கள். முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தனக்கென்று ஒன்றைத் தொடங்கியிருந்தாள். முகமே மாறிப் போயிருந்தது. நாற்றுக் கூடாரத்துக்கான வளைவுக் குழாய்கள் வந்து இறங்கின. பன்னிரண்டு வளைவுகள் நட்டாயிற்று. மேலே போர்த்த ஷீட் வாங்குவதுதான் பாக்கி.

"அதுல எனக்குக் கவலையே இல்ல" என்றாள் மகள். "வெளிய ஆயிரம் பேர் அதுலதான் ஏமாறுறாங்க. எனக்குத்தான் வீட்டுலயே நீ இருக்கியேம்மா."

ஷீட் கடைக்காரருக்கு மைக்ரான் அக்காவைப் பல வருடமாகத் தெரியும். பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்கக்கா, வாங்க. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிருந்தா கடையையே கழுவி விட்டிருப்பேன்." பின்கட்டுக்குக் கூட்டிப் போய் மூன்று ரோல்களைக் காட்டினார். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் கிடங்கிலிருந்து எடுத்த சரக்கு. ஸ்டிக்கர் எல்லாம் மழையில் ஊறிக் கழன்றிருந்தது.

"மூணுமே இருநூறு மைக்ரான், வெயில் தாங்குற மருந்து கலந்ததுதான். அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா எதுலயாவது மெலிவு ஓடுதான்னு எனக்குத் தெரியாது. உள்ளதச் சொல்லிட்டேன். பாத்து எடுத்துக்குங்க."

மகள் கேட்டாள்: "அம்மா, குறுக்கால ஒரு துண்டு வெட்டி, சாண் சாணா கேஜ் வெச்சுப் பாத்துடலாமா?"

கடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து கேஜை எடுத்தே விட்டார். அதைப் பார்த்ததும் இவளுக்கு முகம் சுருங்கியது.

"எதுக்கு அது? என் கை என்ன ஊருக்கா போயிருக்கு?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கடைக்காரர் முதல் ரோலின் மடிப்பைப் பிரித்து விரித்துப் பிடித்தார். இவள் ஓரத்தில் விரலை வைத்து ஓட்ட ஆரம்பித்தாள். பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது, விரலுக்கு நடுவே ஷீட் இருக்கிறதா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம் என்று. கையுறை போட்டுக்கொண்டு தொட்டது போல இருந்தது. கால்தான் போயிற்று என்று நினைத்திருந்தாள். கையைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"விரல் காஞ்சிருக்கு. கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். இரண்டாவது ரோலில் ஓட்டினாள். மூன்றாவதில் ஓட்டினாள். மறுபடி முதலாவதுக்கு வந்தாள். எதிலும் ஒன்றும் இல்லை. மகள் மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதில் தொழிற்சாலைக்குச் சோறு கொண்டுவந்தபோது இப்படித்தான் நின்று பார்ப்பாள்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை போதும். "எதுக்கும் கேஜையும் வெச்சுப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் கடைக்காரர் அவளை ஒன்றும் தப்பாக நினைத்திருக்க மாட்டார். அந்த நாலு சொல் அவள் வாயில் வரவில்லை.

"நடுவுல இருக்குறது" என்றாள்.

அவள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அது இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

"அக்கா கை பட்டுடுச்சுன்னா அப்பறம் கேஜுக்கு என்ன வேலை" என்று சொல்லிக் கடைக்காரர் அதை உள்ளே போட்டு இழுப்பறையைச் சாத்தினார்.

ஷீட் போர்த்த வெயிலுள்ள, காற்றில்லாத நண்பகலாகப் பார்க்க வேண்டும். வெயிலில் ஷீட் இளகும், இழுத்துக் கட்டினால் குளிர்ந்ததும் மேளம் மாதிரி விறைக்கும். இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நின்ற இடத்திலிருந்தே அதிகாரம் பண்ணினாள். கணவர் ஏணியில் நின்றார், மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள். தரையை ஒட்டி மரச் சட்டம் வைத்து, ஷீட்டை அதில் சுற்றி ஆணி அடித்து முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே போய் நின்று பார்த்த மகள், "அம்மா, கண்ணாடி மாதிரி இருக்கும்மா" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். இவள் மகளின் தோளுக்கு மேலே ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நண்பகலில் கண்டுபிடித்தாள். உள்ளே நல்ல சூடு. ஷீட் முழுக்க இறுகி நிற்க, மேற்குப் பக்கம் தோள் உயரத்தில் மட்டும் கையகலத்துக்கு ஒரு பட்டை லேசாகத் தொய்ந்து நெளிந்திருந்தது. இந்த முனை வளைவிலிருந்து அந்த முனை வளைவுவரை, ஒரே நேராக. அதன்மேல் விரலை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாததை விரலால் கண்டுபிடித்தவளுக்கு, இப்போது கண்ணுக்கே தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை.

காற்று லேசாக வீசியபோது மற்ற இடமெல்லாம் தொப், தொப் என்றது. அந்தப் பட்டை மட்டும் விர்ரென்று அதிர்ந்தது. அதன் பிறகு அவளுக்கு அந்தச் சத்தம் சமையலறையில் நின்றாலும் கேட்டது, துணி காயப் போட்டாலும் கேட்டது. பேச்சுக்கு நடுவே திடீரென்று நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். "என்னடி, யாராவது கூப்பிடுறாங்களா?" என்பார் கணவர்.

மகள் வெளியே போயிருந்த ஒரு காலையில் ஒட்டும் டேப்பை எடுத்துப் போய், பட்டை ஒவ்வொரு வளைவையும் தொடுகிற இடத்தில் ஒட்டினாள். பன்னிரண்டு இடம். இடையில் இருக்கிற நீளத்துக்கு ஒட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டாள். மகள் வந்து பார்த்தாள்.

"இது எதுக்கும்மா?"

"குழாய்ல உரசாம இருக்கட்டும்னு."

"அந்தப் பக்கம் மட்டும் ஏன்?"

"காத்து அந்தப் பக்கந்தான் அடிக்கும்."

மகள் தலையை ஆட்டினாள். அம்மா ஒன்றைச் செய்தால் அதில் விஷயம் இருக்கும் என்று நம்பிப் பழகியவள். பூசி மெழுகிய பேச்சு அவ்வளவு சுலபமாக எடுபட்டதே, அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினாள். அன்று டீ குடிக்கும்போது கணவர் திடுக்கிட்டு டம்ளரைப் பிடுங்கினார். "கொதிக்கக் கொதிக்கக் கையில வெச்சிருக்கியே, சுடல?" "பழகிப் போச்சு" என்றாள். சாயங்காலம் ஆள்காட்டி விரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

குழித்தட்டுகளில் நாற்று நாலு இலை விட்டது, ஆறு இலை விட்டது. மகள் தினமும் காலையில் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருப்பாள். குழுவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரத்துல வண்டி அனுப்புறோம்" என்றார். அன்று சாயங்காலம் மகளின் போனில் காற்று எச்சரிக்கை வந்தது. நாளை மறுநாள் பலத்த காற்று.

மகள் போனை நீட்டிக் காட்டினாள். "தாங்குமாம்மா?"

கணவர் செய்தித்தாளை இறக்கிவிட்டுப் பார்த்தார். இரண்டு பேர் கண்ணும் அவள்மேல் இருந்தது. இப்போது சொன்னாலும் இரண்டு நாள் இருக்கிறது. தட்டுகளை வீட்டுக்குள் கொண்டுவரலாம். கடைக்குப் போய் வேறு ஷீட் வாங்கலாம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"தாங்கும்" என்றாள்.

"அம்மா சொன்னா சரி" என்று மகள் எழுந்து போனாள்.

காற்று சொன்ன நாளில், காலை பத்து மணிக்கு வந்தது. முதலில் பக்கத்து வீட்டுக் கொடியில் இருந்த துணிகள் பறந்தன. பிறகு தெருவில் ஒரு தகரம் உருண்டு போன சத்தம். இவள் பின்வாசலில் நின்றிருந்தாள். விர்ரென்ற அந்தச் சத்தம் உயர்ந்துகொண்டே போய்க் கீச்சென்றானது. நின்றது. அடுத்த நொடி, துணிக் கடையில் துணியைக் கிழிப்பது போல ஒரே இழுப்பு. முதல் வளைவிலிருந்து பன்னிரண்டாவது வளைவுவரை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பட்டை நெடுகப் பிரிந்து போயிற்று. அவள் ஒட்டிய பன்னிரண்டு டேப்பும் அப்படியே வளைவுகளில் ஒட்டிக்கொண்டு நின்றன.

மேல்பாதி ஷீட் எழும்பி அடித்தது. கீழ்ப்பாதி மரச் சட்டங்களைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மகள் உள்ளேதான் இருந்தாள். "அப்பா! தட்டை எடுங்கப்பா!" என்று கத்தினாள். மூன்று பேரும் ஓடினார்கள். கையில் கிடைத்த தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடுவது, வைத்துவிட்டுத் திரும்ப ஓடுவது. மழையும் சேர்ந்துகொண்டது. கூடத்தில் வைத்தார்கள், கட்டில்மேல் வைத்தார்கள், அடுப்பு மேடைமேல் வைத்தார்கள். இவள் செருப்பு எப்போதோ சேற்றில் போய்விட்டது. உடைந்து கிடந்த சட்டங்களை மிதித்துக்கொண்டு பதினைந்து நடையாவது நடந்திருப்பாள். வயதுக்கு மீறிய ஓட்டம். கணவரே, "மெதுவாடி, மெதுவா" என்றார்.

முடிந்தபோது பாதித் தட்டுகள் வீட்டுக்குள் இருந்தன. மீதி வெளியே, சேற்றோடு சேறாக. மகள் கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. முழங்கை சிராய்த்திருந்தது. இவள் தட்டுகளை நகர்த்தி நடக்க வழி பண்ணிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள்.

"மாத்திட்டாம்மா" என்றாள் மகள்.

"யாரு?"

"கடைக்காரன். நீ எடுத்தது வேற, அவன் வெட்டிக் குடுத்தது வேற. நாம முன்பக்கம் வந்து உக்காந்தோம்ல, அப்ப மாத்தியிருக்கான். உன் கை தப்பு பண்ணாது. காத்து நிக்கட்டும், நேராப் போய் நாலு பேர் முன்னாடி கேக்குறேன். அவன் கடைய நடத்திடுவானா பாப்போம்."

"அக்கான்னு அக்கான்னு குழைஞ்சப்பவே நெனச்சேன்" என்றார் கணவர்.

வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் அவளுக்கு ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. கையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. இனியும் நினைக்க மாட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிட்டேன் என்று அந்த மனிதர் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள்.

"என்ன சத்தம் அது?" என்றாள் மகள்.

"எது?"

"டிக் டிக்னு. நீ நடந்தா கேக்குது."

அவள் நின்றாள். சத்தமும் நின்றது. ஒரு அடி வைத்தாள். டைல்ஸ் தரையில் டிக்கென்று கேட்டது.

மகள் தரையைப் பார்த்தாள். பின்வாசலிலிருந்து கூடம்வரை, கட்டில்வரை, அடுப்பு மேடைவரை, சேற்றுத் தடங்களுக்கு நடுவே சிவப்பாகச் சின்னச் சின்ன வட்டங்கள். போகும்போது ஒரு வரிசை, வரும்போது ஒரு வரிசை. மகள் முதலில் தன் கால்களைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு தவழ்ந்து வந்து அம்மாவின் வலது காலைப் பிடித்துத் தூக்கினாள்.

குதிகாலில் மரச் சட்டத்து ஆணி முழுசாக உள்ளே போயிருந்தது. அதன் தலை மட்டும் வெளியே, நடந்து நடந்து தேய்ந்து பளபளவென்று.

"அம்மா!"

கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் எடுக்கப் போனவர் வெறும் சொம்போடு திரும்பி வந்து நின்றார்.

"வலிக்கலையாம்மா உனக்கு?" என்றாள் மகள். "இவ்வளவு நேரமா இதோடயா நடந்த? வலிக்கவே இல்லையா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல நினைத்தாள். என்ன பொய் சொல்வது என்று தெரியவில்லை.

"கடைக்காரர்கிட்ட போகாத" என்றாள். "அவர் மாத்தல. நான்தான்."

மகளுக்குப் புரியவில்லை. பிறகு அவள் கண் மெல்ல அம்மாவின் காலிலிருந்து கைக்குப் போனது. அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலில் காய்ந்திருந்த கொப்புளத்தைப் பார்த்தாள். கட்டைவிரலின் நுனியில் தன் நகத்தை வைத்து அழுத்தினாள், தோல் வெளுக்கும்வரை.

"இது தெரியுதா?"

"இல்ல."

அடுத்த விரலை அழுத்தினாள்.

"இது?"

"இல்லம்மா."

அடுத்தது. அதற்கடுத்தது. மகள் சுண்டுவிரலுக்கு வந்தபோது அம்மா குனிந்து தன் கையைப் பார்க்கப் போனாள். மகள் இன்னொரு கையால் அம்மாவின் கண்ணைப் பொத்தினாள்.

"பாக்காம சொல்லும்மா. நான் அழுத்துறேனா, இல்லையா?"

வெளியே கிழிந்த ஷீட் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வெகுநேரம் யோசித்தாள்.

"அழுத்துற" என்றாள்.

மகள் அந்த விரலைத் தொடவே இல்லை.